பத்தாயிரத்து அறுநூற்று நாற்பது சுற்று

என் அக்கா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். முப்பத்தொரு வருஷமாக அதே கடை, அதே ஸ்டூல். ஃபேன், தண்ணீர் மோட்டார், மிக்ஸி, துளையிடும் மெஷின் என்று எது எரிந்து வந்தாலும் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி அனுப்புவாள். நானும் அதே கடைதான். மோட்டாரைக் கழற்றுவது, பேரிங் பிடுங்குவது, சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கி எடுப்பது எல்லாம் என் வேலை. சுற்றுவது மட்டும் அக்கா. எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். நான் கட்டிய ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "நீ கழட்டறதோட நிறுத்திக்கோடா" என்று சொல்லிவிட்டாள்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் பேசுவார்கள். மீசை வைத்தவன்தான் மெக்கானிக் என்று நினைப்பு. எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். நான் அக்கா பக்கம் கையைக் காட்டுவேன். அப்போதும் சிலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கூச்சமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

சுற்றும் மெஷினில் எண்ணிக்கை காட்டுகிற முள் இருக்கிறது. அதை நம்பாமல் வாய்க்குள்ளேயும் எண்ணுவாள். எண்ணும்போது வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் திரும்பமாட்டாள். முடிந்ததும் வெள்ளை நாடாவால் காயிலைக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, நாடாவின் வால் இரண்டையும் உள்ளே செருகிவிடுவாள். பத்துக் கடை மோட்டார்களைக் கலந்து கொட்டினாலும், முடிச்சைப் பார்த்து அக்கா கட்டியதை நான் பொறுக்கி எடுத்துவிடுவேன்.

இப்படிப்பட்டவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது ஒரு பேஸ் கிட்டார்காரரை. மாமா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைக் கொஞ்சம் வைய வேண்டியிருக்கிறது. மெல்லிசைக் குழுவில் அவருக்கு டூம் மாஸ்டர் என்று பெயர். பாடுகிறவர் முன்னால் நின்று பாடுவார், கீபோர்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாசிப்பார், டிரம்ஸ்காரருக்கு வேர்த்து ஊற்றும். மாமா ஓரமாக நின்று டூம், டூம் என்று நாலு தடித்த கம்பிகளைத் தட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் என்னை ஒரு நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டரை மணி நேரம் முடிந்து வெளியே வந்ததும், "கடைசி வரைக்கும் உங்கள வாசிக்கவே விடலையே மாமா" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவருடைய கிட்டார் அவரைவிட வயதில் மூத்தது. ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போகும்போது மாமாவுக்கு விற்றுவிட்டுப் போனது. அப்போது மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பெயிண்ட் மஞ்சளித்து, முழங்கை உரசுகிற இடத்தில் மரம் தெரியும். விற்றவர் போகிற போக்கில், "உள்ள மட்டும் யாரையும் கை வைக்க விடாத" என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. மற்றவர்கள் மாதாமாதம் கம்பி மாற்றுவார்கள்; இவர் நாற்பது வருஷத்தில் இரண்டு முறை மாற்றினார், இரண்டு முறையும் ஒரு வாரம் துக்கம் அனுசரித்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் கிட்டார் பெட்டியைத் திறந்து காட்டி, "கை படாதது" என்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். அக்கா உள்ளே போய்விடுவாள்.

ஏனென்றால் கை பட்டிருந்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மாமாவுக்கு அப்போதுதான் ஒரு ஸ்டூடியோவில் ரெக்கார்டிங்குக்கு வாசிக்க முதல்முறையாக அழைப்பு வந்திருந்தது. நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து கிட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வாசிக்கும்போதே கர் கர் என்று இரைந்து, சத்தம் அறுந்து அறுந்து வந்தது. ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் திறந்துவிடுவாரே என்று மாமா அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்ட காலிலே படும் என்பது போல அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். கண் இரண்டும் மஞ்சளாக, "இனி எனக்கு எங்க ஸ்டூடியோ" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா வெளியே வந்து வராந்தாவில் என்னிடம், "அதுக்குள்ள என்னதான்டா இருக்கும்?" என்று கேட்டாள்.

உள்ளே இருப்பது ஒரு காயில்தான். நாலு காந்தத் துண்டு, அதைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய கம்பி. மேலே தடித்த கம்பி அதிர அதிர, இந்தக் காயிலில் கொஞ்சமாகக் கரண்ட் உண்டாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. பிக்கப் என்பார்கள். கீபோர்டுக்காரரிடம் விசாரித்து இது தெரிந்ததும் அக்கா முகம் தெளிந்துவிட்டது. மலை மாதிரி நினைத்தது ஒரு காயிலா? மதியம் கடை முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பிக்கப்பை வெளியே எடுத்தாள்.

எங்கள் கடையில் சீரிஸ் பல்பு என்று ஒன்று உண்டு. வீட்டுக் கரண்ட் லைனில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு முனை. காயிலின் இரு தலைப்பிலும் முனைகளை வைத்தால் பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் காயிலுக்கு அது சரி. அக்கா பிக்கப்பில் வைத்தாள், எரியவில்லை. கை சும்மா இருக்குமா? எங்கள் பிழைப்பில் பல்பு எரியாவிட்டால் முனையை இன்னும் அழுத்துவோம், சுரண்டிவிட்டு மறுபடி வைப்போம், பிடித்துக்கொண்டே இருப்போம். அவள் அழுத்தினாள், சுரண்டினாள், பிடித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு மெல்லிய கம்பியில் பல்பு எரிகிற அளவுக்குக் கரண்ட் ஓடவே ஓடாது, காயில் முழு உயிரோடு இருந்தாலும் பல்பு எரியாது என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. எங்களுக்குத் தெரியாத வாடையா? அதை மோந்துதானே சாப்பிடுகிறோம்.

நான் பிக்கப்பிலிருந்து போகிற வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர் செருகுகிற துளைக்குள் வயரை ஒட்டியிருந்த ஈயப் பற்றுவைப்பு விட்டுப் போயிருந்தது. அந்தக் கர் கர் அவ்வளவுதான். ஒரு சொட்டு ஈயத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கருகிய காயிலைக் கையில் வைத்துப் பார்த்தாள். எரிந்த மோட்டார் வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான். அப்புறம், "பழைய கரண்ட் மீட்டர் ரெண்டு பரண்ல கிடக்கே, எடுத்துட்டு வாடா" என்றாள்.

மீட்டருக்குள் இருந்த காயிலில் கம்பி கிட்டத்தட்ட அதே மெலிவு. ஐந்து மதியங்கள் அவள் சாப்பிடவில்லை. முதலில் பழைய காயிலைப் பிரித்து எண்ணினாள். நடுவில் கருகி உதிர்ந்த இடத்தில் எத்தனை சுற்று போனதென்று தெரியவில்லை. புதுக் கம்பி மூன்று முறை அறுந்தது. மூன்று முறையும் ஒட்டுப் போடாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மெஷின் கைப்பிடியை ஒற்றை விரலால் தள்ளிச் சுற்றினாள், மூச்சு விட்டால்கூடக் கம்பி ஆடும் என்று வாயை மூடிக்கொண்டு. பத்தாயிரம் தாண்டியது. போதும் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். நிறுத்திய பிறகுதான் பேசினாள்:

"எவ்வளவு உதிர்ந்துச்சுன்னு தெரியல. சுத்து குறைஞ்சா சூடாகி எரிஞ்சுடும். கூடினா மெதுவா ஓடும், அவ்வளவுதானே? மெதுவா ஓடினா ஓடட்டும்."

அது ஃபேனுக்கான கணக்கு. அதைத்தான் கிட்டாருக்கும் போட்டாள். வெள்ளை நாடா கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, வாலை உள்ளே செருகி, விட்டுப்போன இடத்திலும் ஒரு சொட்டு ஈயம் வைத்து, ஸ்க்ரூவைத் திருகிப் பெட்டியில் வைத்தாள். மாமா உடம்பு தேறி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு.

மாமா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி தட்டினார். தரை வழியாக வந்து பாதத்தில் ஏறுகிற மாதிரி கனமாக, உருண்டையாக ஒரு சத்தம். இன்னும் முழுசாக மஞ்சள் போகாத கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தியா மாப்ள, எனக்கு மட்டுமில்ல, இதுக்கும் ரெஸ்ட் தேவைப்பட்டிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா உடம்பு தேறிடுச்சு!"

அக்கா வாயைத் திறந்தாள். மாமா அதற்குள் அடுத்த கம்பிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சொல்லவில்லை. ரெக்கார்டிங் முடியட்டும் என்றாள். அங்கே சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, என்ன கிட்டார் இது என்று கேட்டாராம். அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கூப்பிட்டார்கள். டூம் மாஸ்டர் சத்தம் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. மாமா விரலைப் பார்த்துச் சிலர் கும்பிட்டார்கள். நாளாக ஆக, சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ரிப்பேர். பத்து வருஷம் கழித்துச் சொன்னால் அது துரோகம். எனக்கோ ஓட்டை வாய். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் முதலாளி, வயதாகிவிட்டது, மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். கடையை மெஷினோடு, வாடிக்கையோடு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார். முதலில் அக்காவைத்தான் கேட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா பேசிய பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுவருக்கு வெளிர்பச்சை அடிக்க வேண்டும், ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதுகு சாய்கிற நாற்காலி வாங்க வேண்டும், போர்டில் தன் பெயர் இருக்க வேண்டும். "என் பேருடா. உன் பேரும் வேணும்னா சின்னதா போட்டுக்கலாம்" என்று சிரித்தாள். ஐம்பத்து நாலு வயதில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அந்தக் கடை.

மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "கிட்டாரக் குடுத்துடலாம்" என்றார். அந்த வயது கிட்டார், உள்ளே எதுவும் மாறாமல் இருந்தால், சேகரிக்கிறவர்கள் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ரெக்கார்டிங் நின்று பல வருஷமாகிவிட்டது. எப்போதாவது நிகழ்ச்சிக்குப் போனால் உண்டு. "எனக்கு ஒரு சாதா கிட்டார் போதும். நீ முப்பது வருஷம் அடுத்தவன் ஸ்டூல்ல உக்காந்தது போதும்" என்றார். நல்லவர் என்று சொன்னேனே, இதற்காகத்தான். அக்காவின் முகம் வெளுத்துப்போனதை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய கிட்டார் சேர்க்கிறவர். கழுத்துப் பட்டை முதல் கடைசி ஸ்க்ரூ வரை டார்ச் அடித்துப் பார்த்தார். அதோடு, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியையும் எடுத்து வயர் செருகுகிற துளைக்குள் விட்டு, ம், ம் என்றார். வாயை நல்லாத் திறங்க என்று கிட்டாரிடம் சொல்லாததுதான் பாக்கி. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

"ரொம்ப அருமையா வச்சிருக்கீங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள எதையாவது மாத்தியிருக்கீங்களா? எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிட்டா நல்லது."

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "டாக்டர், நாப்பது வருஷமா என் கையில இருக்கு. இதோ நிக்கறாளே என் பொண்டாட்டி, இவ மேல சத்தியமாச் சொல்றேன், இதுக்குள்ள யாரும்..."

"சத்தியம் பண்ணாதீங்க."

சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த அக்காதான் சொன்னது. நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். டாக்டருக்குத் தெரியாமலே போய்விடலாம். திறந்தாலும் நாடாவைப் பார்த்து அந்தக் காலத்து நாடா என்று நினைத்துக்கொள்ளலாம். கடை கைக்கு வந்துவிடும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் தொறந்திருக்கேன்" என்றாள்.

மாமா சிரித்தார். "தூசு தொடைச்சிருப்பா, டாக்டர்."

"தொடைக்கல. எரிச்சுட்டேன். நீங்க காமாலையில படுத்திருந்தப்ப. எரிச்சுட்டு நானே சுத்தி வச்சேன்."

டாக்டர் மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திறந்தார். வெள்ளை நாடா பழுப்பேறியிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. மீட்டர் வைத்து அளந்தார். பல்பு இல்லை, சரியான மீட்டர். வழக்கத்தைவிடச் சுற்று கூடுதல், சத்தம் கனமாக வருமே என்று அந்தக் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா கையால சுத்தினது? எத்தனை சுத்து?"

"பத்தாயிரத்து அறுநூத்தி நாப்பது" என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை. நேற்றுச் சுற்றியது போலச் சொன்னாள்.

டாக்டர் நேர்மையான மனிதர். வேலை பிரமாதம், ஆனால் சேகரிக்கிறவர்கள் வேலையைப் பார்ப்பதில்லை, கிட்டார் பிறந்தபோது இருந்ததுதான் இப்போதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார். விலை பாதியாகிவிடும். அதே வருஷத்துப் பிக்கப் ஒன்று தன்னிடம் தனியாக இருக்கிறது, வாங்கினால் அதைப் போட்டுக்கொள்வேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. கிட்டாரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மொத ரெக்கார்டிங்குக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்ப இத்தனை வருஷமா எல்லாரும் பாராட்டினது யார?"

"உங்களத்தான். வாசிச்சது நீங்கதானே? நான் கம்பிதான் சுத்தினேன்."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். கூப்பிட்டால் வந்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. அக்கா கடையில் ஒரு ஃபேனுக்கு எண்ணிக்கையைத் தவறவிட்டுப் பாதியில் பிரித்தாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கோபம் அவள்மேலும் இருந்தது.

"வாய மூடிட்டு இருந்திருந்தா கடை கைக்கு வந்திருக்கும்ல?" என்றேன்.

"என் மேல சத்தியம் பண்றாருடா. எனக்கு ஒண்ணும் ஆயிடும்னு பயமில்ல. அவருக்குத் தெரியாமலே அவர் வாயால பொய் சத்தியம் பண்ண வைக்கலாமா? அத்தனை வருஷம் ஏமாத்தினது பத்தாதா?" என்றாள். பிரித்த கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, "கடை போனாப் போகுது. அவரு என்னைத் திருடியப் பாக்கற மாதிரி பாக்கறாரு, அதுதான் தாங்கல" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நேராக மாமாவிடம் போனேன். என் சட்டையெல்லாம் வார்னிஷ். நின்றபடியே பொரிந்து தள்ளினேன்.

"அஞ்சு நாள் பட்டினி கிடந்து, மூணு தடவ அறுந்தும் விடாம சுத்தினா மாமா. மறைச்சது தப்புதான். அதுக்காக அவள இப்படி வதைப்பீங்களா? உங்க கிட்டாருக்கு உள்ள மட்டும்தான் யாரும் கை வைக்கக் கூடாதா, அவ மனசுக்குள்ள வைக்கலாமா?"

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி நாலும் காய்த்துப் போன கை.

"அவ மேல கோவம் இல்ல மாப்ள" என்றார். "என் விரல்னு நினைச்சேன். நாப்பது வருஷம் ஓரமா நின்னேன். ஒரு ஆளும் திரும்பிப் பாக்கல. அந்த ஒரு சத்தம்தான் நான்னு நினைச்சுட்டு இருந்தேன். அதுவும் நான் இல்லைன்னா..."

நியாயம் பேசப் போனவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் எல்லோரும் அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசுவார்களே, அப்போது எனக்கு வருகிற கூச்சம் போல ஒன்று அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் அவரே, வா என்று என்னைக் கிளப்பி, கிட்டாரையும் எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். டாக்டரிடம் அதே வருஷத்துக் கிட்டார் இன்னொன்று இருந்தது, உண்மையிலேயே கை படாதது. பல் காட்ட வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு டாக்டர் பின்னறையைத் திறந்தார். மாமா முதலில் அதை வாங்கி வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. சுத்தமாக, மெலிவாக, யாரோ ஒரு நல்ல வாத்தியக்காரர் வாசிப்பது போல. அடுத்து நம் கிட்டாரில் அதையே வாசித்தார். நாற்காலிக் கால் அதிர்ந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சுபோச்சு. இது அவதான்" என்றார்.

டாக்டர் ஆசையாக, "நான் ஒரு தடவை?" என்று கிட்டாரை வாங்கிக்கொண்டார். அதே கிட்டார், அதே காயில், அதே பத்தாயிரத்து அறுநூற்று நாற்பது சுற்று. அவர் வாசித்தது மாடிப்படியில் பீரோ உருண்டு இறங்குவது போல இருந்தது. அவருக்கே பொறுக்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, "சேக்கறதோட சரி, வாசிக்க வரல" என்றார். மாமா சிரித்தார். ஒன்பது நாளுக்கப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை: "மூணு தடவ அறுந்துச்சாமே?"

"யார் சொன்னது?"

"உன் தம்பிதான். ஒட்டுப் போட்டிருக்கலாமே?"

"ஒட்டுப் போட்டா அந்த இடத்துல பின்னால விட்டுப் போயிடும்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கடை கிடைக்கவில்லை. கிட்டாரைப் பாதி விலைக்கு டாக்டருக்கே பேசி முடித்தோம், அது கடைக்குப் பத்தாது. பக்கத்துத் தெரு ஹார்டுவேர்காரர் வாங்கிக்கொண்டார். முதலாளி மனசு வைத்ததில் அந்தப் பணத்துக்குச் சுற்றும் மெஷினும் கருவிகளும் மட்டும் எங்களுக்கு வந்தன. வீட்டு முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டோம். சுவருக்கு வெளிர்பச்சை மாமாவே அடித்தார், ஜன்னல் கண்ணாடியிலும் பாதி அடித்தார். போர்டில் அக்கா பெயர் இருக்கிறது. அக்காவுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கும் அந்தப் பழைய கடை வழியாகப் போகமாட்டாள், சுற்றிக்கொண்டுதான் போவாள்.

டாக்டர் கிட்டாரை எடுத்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், தன்னுடைய பழைய பிக்கப்பைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு. மாற்றுகிற வேலையை அக்காவே செய்துதரச் சொன்னார். புது மேஜையில் கிட்டாரைப் படுக்க வைத்து, இரண்டு வயரைப் பிரித்து, தான் சுற்றிய பிக்கப்பை அவள் வெளியே எடுத்து வைத்தாள். டாக்டர் அதைக் கையில் எடுத்தார். கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"இதையும் சேர்த்து நானே வச்சுக்கட்டுமா சார்?" என்று மாமாவிடம் கேட்டார். "இதுக்குத் தனியா என்ன கேட்டாலும் தரேன்."

"என்னைக் கேட்டா? அது அவளோடது. அவளக் கேளுங்க" என்றார் மாமா.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். அக்கா சாலிடர் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"அது இவருக்குச் சுத்தினது, டாக்டர். உங்களுக்கு வேணும்னா வேற சுத்தித் தரேன்" என்றாள்.

டாக்டர் அதை மாமா கையில் கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா அயர்னை எடுத்து, மிச்சமிருந்த வயரைப் பற்றவைக்கக் குனிந்தாள்.